நின்று நின்று போகும் மூலக்கூறுகள்

(நூலக அறிவியல் மாலை ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பேச்சைத் தொடங்குமுன் ஒரு வேலையை முடித்துவிடுகிறேன். நான் பேசிக்கொண்டிருக்கும்போது அது தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருக்க வேண்டும்.

என் கையில் இருப்பது 5 சென்டிமீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் உள்ள கண்ணாடித் தகடு. ஒரு பக்கம் வெள்ளையடித்த சுவர்போல இருக்கிறதல்லவா, அந்தப் பூச்சு சிலிக்கா ஜெல். அதன் கனம் கால் மில்லிமீட்டர். நகம் பட்டால் உதிரும் என்பதால் ஓரத்தைப் பிடித்துத்தான் தூக்குவோம். அடியிலிருந்து 1 சென்டிமீட்டர் உயரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். பேனா ஆகாது. மையும் சாயங்களின் கலவைதான். அதுவும் பிரிந்து மேலே ஏறிவிடும்.

கோட்டின் மேல் மூன்று இடத்தில் புள்ளி வைக்கிறேன். இடது ஓரத்தில் வைப்பது மஞ்சள் சாறு. விரலி மஞ்சள் வாங்கி, வீட்டிலேயே இடித்து, எத்தனாலில் ஊறவைத்து வடித்தது. நடுவில் வைப்பது அதே மஞ்சள் தூளில் மெட்டானில் மஞ்சள் என்ற சாயத்தைக் கொஞ்சம் கலந்து வடித்த சாறு. கலந்தது நான்தான், எந்தக் கடைச் சரக்கும் இந்த மேசையில் இல்லை. வலது ஓரத்தில் அந்தச் சாயம் மட்டும். மயிரிழைபோன்ற கண்ணாடிக் குழாயின் நுனியைச் சாற்றில் தொட்டு, தகட்டில் ஒற்றி எடுக்கிறேன். புள்ளி கடுகைவிடப் பெரிதாகக் கூடாது. காய்ந்ததும் அதே இடத்தில் இன்னொரு முறை ஒற்றலாம். இந்த வேலைக்கு ஆய்வுக்கூடத்தில் ‘ஸ்பாட் போடுவது’ என்று பெயர். பார்க்க எளிது, கை பழகுவதற்கு ஒரு மாதமாவது ஆகும்.

இந்தப் பாட்டிலில் 95 பங்கு குளோரோஃபார்மும் 5 பங்கு மெத்தனாலும் அரை சென்டிமீட்டர் உயரத்துக்கு இருக்கின்றன. உட்சுவரைச் சுற்றி வடிதாள் ஒட்டியிருக்கிறேன். அது எதற்கென்று பிறகு சொல்கிறேன். தகட்டை உள்ளே நிறுத்தி மூடியாயிற்று. புள்ளிகள் கரைப்பானில் முங்கவில்லை, அதற்குச் சற்று மேலே இருக்கின்றன. முன்வரிசையில் கைக்கடிகாரத்தோடு இருக்கும் தம்பி, இந்த நொடியிலிருந்து கணக்கு வைத்துக்கொள்ளப்பா. தகட்டின் ஓரத்தில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் கோடு கீறியிருக்கிறேன். ஈரம் முதல் கோட்டைத் தொடும்போது சொல்.

இதற்குப் பாடநூல்களில் மென்படலக் குரோமட்டோகிராபி என்றும் மென்படல வண்ணப்பிரிகை என்றும் பெயர் உண்டு. ஆய்வுக்கூடத்தில் டி.எல்.சி. என்ற மூன்றெழுத்துதான். “டி.எல்.சி. ஓட்டிப் பார்த்தாயா?” என்று கேட்கப்படாத வேதியியல் ஆராய்ச்சி மாணவர் கிடையாது. அந்த ‘ஓட்டுவது’ என்ற சொல்லில்தான் இன்றைய பேச்சின் மையம் இருக்கிறது. எது ஓடுகிறது, எது நிற்கிறது என்பதுதான் கேள்வி.

தம்பி கையைத் தூக்குகிறான். 20 விநாடி. நல்லது. அடுத்த சென்டிமீட்டரும் 20 விநாடியில் ஏறிவிடும் என்று நினைக்கத் தோன்றும். ஏறாது. சேலை நுனி தண்ணீரில் பட்டால் ஈரம் முதலில் விறுவிறுவென்று ஏறி, பிறகு தயங்கித் தயங்கிப் போவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கேயும் அதுதான். சிலிக்கா மணிகளுக்கு இடையிலான நுண்ணிய சந்துகள் கரைப்பானை மேலே உறிஞ்சுகின்றன. ஆனால் அது கடந்துவந்த பாதை நீள நீள உராய்வும் கூடுகிறது. அதனால் தூரம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். 1 சென்டிமீட்டருக்கு 20 விநாடி என்றால் 4 சென்டிமீட்டருக்கு 320 விநாடி, அதாவது 5 நிமிடம் 20 விநாடி. 8 சென்டிமீட்டருக்கு 1,280 விநாடி, 21 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். என் பேச்சுக்கும் அவ்வளவு நேரம்தான்.

மேலே ஏறும் கரைப்பான், புள்ளியில் இருக்கும் பொருள்களையும் தூக்கிக்கொண்டு போகிறது. சில பொருள்கள் உயரே போகின்றன, சில பின்தங்குகின்றன. ஏன் என்று கேட்டால் “சில மூலக்கூறுகள் வேகமாக ஓடும், சில மெதுவாக ஓடும்” என்று பதில் வரும். நானும் பல ஆண்டு அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அது சரியில்லை. கரைப்பானில் மிதக்கும்போது எல்லா மூலக்கூறுகளும் ஒரே வேகத்தில்தான் போகின்றன, அதாவது கரைப்பானின் வேகத்தில். வேறுபாடு நிற்பதில் இருக்கிறது.

தேரோடும் வீதியில் திருவிழாக் கூட்டம் நகர்வதை நினைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்துக்கு ஒரே வேகம். அதற்குள் இருக்கும்வரை யாரும் யாரையும் முந்த முடியாது. ஆனால் ஒருவர் வளையல் கடையில் நிற்கிறார், பாத்திரக் கடையில் நிற்கிறார், பொரிகடலைக் கடையில் நிற்கிறார். இன்னொருவருக்கு எந்தக் கடையிலும் வேலையில்லை. வீதி முடியும் இடத்தில் இருவருக்கும் இடையே அரை மைல் தூரம். சிலிக்கா ஜெல்லின் மணிகள்தான் அந்தக் கடைகள். ஒரு மூலக்கூறு அடியிலிருந்து மேலே போவதற்குள் ஆயிரக்கணக்கான முறை ஒட்டி, விட்டு, ஒட்டி, விட்டுப் போகிறது.

இதை அளக்க ஆர்.எஃப். மதிப்பு என்ற ஒரு எண் வைத்திருக்கிறோம். புள்ளி போன தூரத்தைக் கரைப்பான் போன தூரத்தால் வகுத்தால் கிடைக்கும். கரைப்பான் 8 சென்டிமீட்டர் போய், புள்ளி 2 சென்டிமீட்டர் போயிருந்தால் 0.25. இந்த எண்ணுக்கு இன்னொரு பொருளும் உண்டு. அந்த மூலக்கூறு பயண நேரத்தில் கால் பங்கை ஓட்டத்திலும், முக்கால் பங்கை ஒட்டி நிற்பதிலும் கழித்திருக்கிறது. ஸ்கேலால் ஒரு தூரத்தை அளக்கிறோம். கண்ணுக்கே தெரியாத ஒரு மூலக்கூறின் நாள்குறிப்பு கிடைக்கிறது. வேதியியலில் என்னை இன்றும் அசரவைக்கும் அளவீடு இது.

மூலக்கூறு எதில் ஒட்டுகிறது? சிலிக்கா ஜெல் என்பது மணலைப் போலவே சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த பொருள்தான். புதிதாக வாங்கிய பையிலும் செருப்புப் பெட்டியிலும் சின்னப் பொட்டலமாகக் கிடக்கிறதே, அதே சரக்கு. ஆனால் உள்ளே முழுக்கத் துளைகள். டி.எல்.சி.க்கு வரும் வகையில் துளையின் விட்டம் ஏறத்தாழ 6 நானோமீட்டர். அந்தத் துளைச் சுவர்களையெல்லாம் விரித்துப் போட்டால் ஒரு கிராமில் 500 சதுர மீட்டர் அளவுக்குப் பரப்பு இருக்கும். நம் கணக்கில் 12 சென்ட் நிலம்! ஒரு சிட்டிகைப் பொடிக்குள் ஒரு வீடும் தோட்டமும் கட்டுமளவு இடம் மடிந்து கிடக்கிறது. அந்த நிலம் முழுவதும் ஆக்சிஜனோடு சேர்ந்த ஹைட்ரஜன் முனைகள் நெருக்கமாக நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஒரு மூலக்கூறிலும் அதேபோன்ற முனைகள் இருந்தால் இரண்டும் ஹைட்ரஜன் பிணைப்பால் கைகோத்துக்கொள்ளும். முனைகள் கூடக் கூட நிற்கும் நேரமும் கூடும்.

பிளஸ் டூ மாணவர்களுக்கு ஒரு சொல். ஆர்த்தோ நைட்ரோஃபீனாலும் பாரா நைட்ரோஃபீனாலும் படித்திருப்பீர்கள். நீராவியோடு ஆர்த்தோ வெளியேறும், பாரா தங்கும். ஆர்த்தோவில் ஹைட்ராக்சில் தொகுதி பக்கத்திலேயே இருக்கும் நைட்ரோ தொகுதியோடு தனக்குள்ளேயே பிணைந்துவிடுவதுதான் காரணம் என்று எழுதியிருப்பீர்கள். அதே இரண்டையும் சிலிக்கா தகட்டில் ஓட்டினால் ஆர்த்தோ உயரே போகும், பாரா கீழே நிற்கும். காரணமும் அதுவே. கையைத் தன் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டவர் கடைக்காரருக்குக் கை கொடுக்க மாட்டார்.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மஞ்சளுக்கு இது தேவைப்படும்.

இந்த முறை எங்கே பிறந்தது? வேர் ஒரு தாவரவியலாளரிடம் இருக்கிறது. மிக்கைல் ஸ்வெட் என்ற ருஷ்யர், 1903இல் வார்சாவில், கண்ணாடிக் குழாயில் சுண்ணாம்புத் தூளை அடைத்து, இலைச்சாற்றை ஊற்றி, பச்சையும் மஞ்சளுமாக வளையங்கள் பிரிவதை அறிவித்தார். 1906இல் குரோமட்டோகிராபி என்று பெயர் வைத்தார். அவருடைய குடும்பப் பெயருக்கே ருஷ்ய மொழியில் நிறம் என்று பொருள். 1919இல் இறந்தார். அவர் செய்ததன் அருமை உலகத்துக்குப் புரிய 1931 ஆயிற்று; ஹைடல்பர்க்கில் ரிச்சர்ட் கூனும் எட்கர் லெடரரும் கரோட்டின்களை அந்த முறையில் பிரித்துக் காட்டிய பிறகுதான்.

குழாயை விட்டுத் தகட்டுக்கு வந்தவர்கள் கார்கிவ் நகரத்தில் இருந்தார்கள். நிகோலாய் இஸ்மாய்லோவ், அவருடன் மரியா ஷ்ரைபர். ஆண்டு 1938. அவர்கள் கையில் இருந்தது மருந்துக் கடைப் பிரச்சினை. பெல்லடோனா, டிஜிட்டாலிஸ் போன்ற மூலிகைச் சாறுகள் உண்மையானவையா என்று சீக்கிரம் பார்த்தாக வேண்டும். குழாயில் ஊற்றிக் காத்திருந்தால் பொழுது போய்விடும். குழாயைப் பிளந்து படுக்கவைத்தால் என்ன என்று அவர்கள் யோசித்தார்கள். நுண்ணோக்கிக்கு வைக்கும் கண்ணாடிச் சில்லில் அலுமினாவைக் குழைத்துப் பூசினார்கள். நடுவில் ஒரு சொட்டு சாறு, அதன் மேல் கரைப்பான் சில சொட்டு. புற ஊதா விளக்கின் கீழ் வளையம் வளையமாக ஒளிர்ந்தது. மணிக்கணக்கில் ஆன வேலை நிமிடங்களில் முடிந்தது. கட்டுரை ருஷ்ய மொழியில், ஒரு மருந்தியல் இதழில் வந்தது. வெளியே அதிகம் பேர் படிக்கவில்லை. ஷ்ரைபரின் பெயரைப் பாடநூல்களில் நான் பார்ப்பது அரிது. இந்த அவையிலாவது அந்தப் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும் என்று நினைத்துத்தான் வந்தேன்.

1951இல் கலிஃபோர்னியாவின் பசடீனாவில், ஆரஞ்சு வகைப் பழங்களின் வாசனை எண்ணெயை ஆராய்ந்த கிர்ச்னரும் தோழர்களும் சிலிக்காவை ஸ்டார்ச் பசையால் கண்ணாடிப் பட்டைகளில் ஒட்டவைத்து, இன்று நாம் செய்வதுபோலக் கீழிருந்து மேலே ஓட்டினார்கள். தாளில் ஓட்டினால் கந்தக அமிலம் தெளிக்க முடியாது, கருகிவிடும். கண்ணாடியில் தெளிக்கலாம், சூடாக்கலாம். நிறமில்லாத பொருள்கள்கூடக் கருகி, தாம் இருக்கும் இடத்தைக் காட்டிவிடும்.

அதன்பிறகு ஜெர்மனியின் எகோன் ஷ்டால். மென்படலம் என்ற பெயரை நிலைக்கவைத்தவர் அவர். 1956இல் எழுதியபோது பெரிய வரவேற்பில்லை. ஆளுக்கொரு பொடி, ஆளுக்கொரு கனம், ஆளுக்கொரு முடிவு என்றிருந்தால் யார் நம்புவார்கள்? எனவே அவர் மணியின் அளவை நிர்ணயித்தார், ஜிப்சம் சேர்த்து ஒட்டவைத்தார், ஒரே கனத்தில் பூசும் கருவியை வடிவமைத்தார். 1958இல் பொடியும் கருவியும் விலைக்கு வந்த பிறகு முறை உலகமெங்கும் பரவியது. நம் கல்லூரிகளில் ‘சிலிக்கா ஜெல் ஜி’ என்று டப்பாவில் எழுதியிருக்குமே, அந்த ஜி ஜிப்சத்தைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லின் முதலெழுத்து. கண்டுபிடித்தவருக்குக் கிடைக்கும் புகழில் சரிபாதி, அதை எல்லாக் கைகளுக்கும் ஒரே மாதிரி வேலை செய்யவைத்தவருக்கும் சேர வேண்டும் என்பது என் எண்ணம்.

தம்பி, நான்காவது கோடு? 5 நிமிடம் 25 விநாடியில் தொட்டது என்கிறான். கணக்கு 5 நிமிடம் 20 விநாடி. போதும், நன்றாகவே ஒத்துப்போகிறது.

ஒரே மாதிரி வேலை செய்ய வைப்பது எவ்வளவு கடினம் என்பதை நான் சென்னையில் ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது கற்றேன். ஒரு செடியின் வேரிலிருந்து எடுத்த சாறு. வைகாசியில் ஓட்டியபோது ஐந்து புள்ளிகள் அழகாகத் தள்ளித் தள்ளி விழுந்தன. ஐப்பசியில் அதே சாறு, அதே கரைப்பான், அதே டப்பா சிலிக்கா. புள்ளிகள் எல்லாம் உச்சிக்குப் போய் ஒன்றோடொன்று அப்பிக்கொண்டு நின்றன. சாறு கெட்டுவிட்டது என்று முடிவு செய்து, புது வேர் வாங்கி மறுபடி சாறு எடுத்தேன். அதுவும் அப்படியே. மூன்று வாரம் போயிற்று. என் நெறியாளர் ஒரு மாலையில் வந்து, பேசாமல் சன்னலைத் திறந்து மழையைக் காட்டினார்.

சிலிக்காவுக்குத் தண்ணீர் என்றால் அவ்வளவு பிரியம். 110 டிகிரி அடுப்பில் காயவைத்த தகட்டை வெளியே எடுத்து, ஸ்பாட் போட்டு முடிக்கும் சில நிமிடங்களுக்குள் அது காற்றிலிருந்து ஈரத்தைக் குடித்துவிடுகிறது. திருவிழா வீதியின் கடைகளில் எல்லாம் ஏற்கெனவே ஆள் உட்கார்ந்துவிட்டால் நம் மூலக்கூறு எங்கே நிற்கும்? நிற்க இடமில்லாமல் உச்சிக்குப் போய்விடும். இத்தாலியின் இஸ்ப்ராவில் பிரீட்ரிக் கைஸ் இந்த ஈரப்பத விளைவை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து புத்தகமே எழுதினார். ஒரு மாணவனின் மூன்று வாரத்தைத் தின்ற விஷயம் ஒருவருக்கு வாழ்நாள் ஆராய்ச்சியாக இருந்திருக்கிறது.

இதற்கு எளிய தீர்வு உண்டு. மூடிய பெட்டியில் மெக்னீசியம் குளோரைடின் பூரிதக் கரைசலை வைத்தால் உள்ளே காற்றின் ஈரப்பதம் 33 சதவீதத்தில் நிற்கும். சமையல் உப்பின் பூரிதக் கரைசல் வைத்தால் 75 சதவீதம். தகட்டை ஓட்டுமுன் அந்தப் பெட்டியில் வைத்து எடுத்தால் வைகாசியும் ஐப்பசியும் ஒன்றாகிவிடும். பெட்டிகூட வேண்டாம், குறைந்தபட்சம் அன்றைய ஈரப்பதத்தை நோட்டில் எழுதினாலே பாதி குழப்பம் தீரும்.

பாட்டிலுக்குள் வடிதாள் எதற்கு என்றேனே, அதுவும் இதே வகை. மூடிக்குள் கரைப்பானின் ஆவி நிறையாவிட்டால் தகட்டின் மேலிருந்து கரைப்பான் ஆவியாகும். இரண்டு ஓரங்களிலும் அதிகமாக ஆகும். இழந்ததை ஈடுகட்டக் கீழிருந்து கூடுதலாகக் கரைப்பான் ஏறும். அதனால் ஒரே பொருளை மூன்று இடத்தில் வைத்தாலும் ஓரத்தில் இருப்பவை நடுவில் இருப்பதைவிட உயரே போய்ப் பிறை வடிவில் நிற்கும். ஷ்டால் இதைக் கவனித்து, சுவரில் தாளை ஒட்டி நனையவிட்டு ஆவியை நிரப்பினார். ஓரக்கோளாறு ஒழிந்தது.

இன்னொரு நுட்பம் எனக்கு மிகவும் பிடித்தது. சில பொருள்கள் சிலிக்காவின் மேலேயே சிதைந்துவிடும். மூன்று புள்ளி தெரிந்தால் கலவையில் மூன்று பொருள் இருந்ததா, அல்லது ஒரே பொருள் தகட்டில் உடைந்து மூன்றானதா? சதுரத் தகட்டின் ஒரு மூலையில் புள்ளி வைத்து ஓட்டுங்கள். எடுத்துக் காயவைத்து, கால் சுற்றுத் திருப்பி, அதே கரைப்பானில் மறுபடி ஓட்டுங்கள். எந்தப் பொருளும் சிதையவில்லை என்றால் இரண்டு திசையிலும் ஒரே தூரம் போய், எல்லாப் புள்ளிகளும் மூலைவிட்டக் கோட்டில் வரிசையாக விழும். கோட்டை விட்டு விலகி ஒரு புள்ளி நின்றால், அது நடுவழியில் பிறந்தது. கருவி எதுவும் இல்லாமல், ஒரு திருப்பலில் கிடைக்கும் சான்று இது!

இந்தத் தகடு காட்டிக்கொடுத்த ஒரு நஞ்சைப் பற்றிச் சொல்ல, நிலக்கடலைக்கு வருவோம்.

1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. ஈரல் கெட்டிருந்தது. காரணம் தெரியாததால் ‘வான்கோழி எக்ஸ் நோய்’ என்றார்கள். தேடிப் போனபோது, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் முடிந்தது. அதில் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளாவஸ் என்ற பூஞ்சை வளர்ந்திருந்தது. பூஞ்சையின் பெயரிலிருந்தே நஞ்சுக்கு அஃப்லடாக்சின் என்ற பெயர் வந்தது. புற ஊதா ஒளியில் அது ஒளிர்ந்தது. முதலில் தாளில் ஓட்டியபோது ஒரே நீலப் புள்ளி. மென்படலத் தகட்டில் ஓட்டிய பிறகுதான் அது ஒன்றல்ல என்று தெரிந்தது. 1963க்குள் நான்காகப் பிரிந்து நின்றது. இரண்டு நீலம், இரண்டு பச்சை. நீலத்துக்கும் பச்சைக்கும் உரிய ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்தை வைத்து பி என்றும் ஜி என்றும் பெயரிட்டார்கள். உயரே நின்றது 1, கீழே நின்றது 2. பி1, பி2, ஜி1, ஜி2. உலகெங்கும் இன்று உணவுச் சட்டங்களில் அச்சாகும் இந்தப் பெயர்கள், ஒரு கண்ணாடித் தகட்டில் கண்ணால் பார்த்த நிறமும் உயரமும் தவிர வேறில்லை.

பி1 தான் கொடியது. ஈரல் புற்றுநோய்க்குக் காரணமானது. நம் நாட்டில் 1974இன் கடைசி மாதங்களில், ராஜஸ்தானின் பன்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டக் கிராமங்களில் காமாலையும் வயிற்று வீக்கமும் பரவின. 397 பேர் பாதிக்கப்பட்டு 106 பேர் இறந்ததாக மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. பருவம் தப்பிய மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைத் தின்றவர்கள். ஏழைகள். வேறு தானியம் வாங்க வழியில்லாதவர்கள்.

இந்த நஞ்சு ஒரு நானோகிராம் அளவில் இருந்தாலே தகட்டில், புற ஊதா விளக்கின் கீழ், கண்ணுக்கு நீலமாகத் தெரியும். ஒரு கிராமை நூறு கோடியாகப் பங்கிட்டதில் ஒரு பங்கு. ஆனால் தகட்டை மட்டும் நம்பிவிடவும் கூடாது. ஒரு மூட்டைக் கடலையில் சில பருப்புகளில் மட்டுமே நஞ்சு குவிந்திருக்கலாம். நாம் அள்ளிய கைப்பிடியில் அவை வராவிட்டால் தகடு என்ன செய்யும்? மூட்டையின் எல்லாப் பக்கத்திலிருந்தும் எடுத்து, அரைத்து, கலந்து, அதிலிருந்து பங்கெடுப்பதுதான் முக்கால்வாசி வேலை.

தகட்டின் எல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். ஒரே புள்ளி தெரிந்தால் ஒரே பொருள் என்று அர்த்தமில்லை. வேறு கரைப்பானில் ஓட்டினால் இரண்டாகலாம். ஆர்.எஃப். ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒரே பொருள் என்றும் சொல்ல முடியாது. மஞ்சள் தூளில் பளபளப்புக்காகக் கலக்கப்படும் லெட் குரோமேட் என்ற ஈய உப்பு இந்தக் கரைப்பானில் கரையாது, அடியை விட்டு நகராது. அதைப் பிடிக்க வேறு சோதனை வேண்டும். இவை எல்லாம் தெரிந்தவர் கையில் தகடு பொய் சொல்லாது.

“பெரிய பெரிய கருவிகள் வந்துவிட்டன, இன்னும் எதற்கு இது?” என்று கேட்கிறார்கள். சில கல்லூரிகளில் ஆண்டுக்கு ஒரு நாள், அதுவும் ஆசிரியர் ஓட்டிக் காட்ட மாணவர்கள் நோட்டில் எழுதிக்கொள்வதோடு முடிந்துவிடுகிறது. எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. பெரிய கருவி ஒரு நேரத்தில் ஒரு மாதிரியைப் பார்க்கும். தகட்டில் பத்துப் பதினைந்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். கருவியில் வெளியே வராதது குழாய்க்குள்ளேயே தங்கிவிடும், நமக்குத் தெரியாது. தகட்டில் நகராததும் அடிக்கோட்டில் கண்முன்னே நிற்கும். போலி மருந்துகளைக் கண்டுபிடிக்க ஜெர்மனியில் உருவான மினிலேப் என்ற பெட்டி ஆய்வுக்கூடம் டி.எல்.சி.யை நம்பித்தான் இருக்கிறது; மின்சாரம் நிச்சயமில்லாத ஊர்களில்கூட அதை வைத்து மாத்திரைகளைச் சோதிக்கிறார்கள். சித்த, ஆயுர்வேத மருந்துச் சரக்குகளின் தரத்தைக் காட்டும் கைரேகையாகவும் இதன் செம்மையான வடிவத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

தகட்டை வைத்துச் செய்யும் ஆய்வுகளில் எனக்கு மிகவும் நெருக்கமானது ஒன்று. ஓட்டி முடித்த தகட்டின் மேல் பாக்டீரியா கலந்த அகார் கூழை ஊற்றி ஓர் இரவு வைக்கிறார்கள். மறுநாள் தகடு முழுவதும் பாக்டீரியா படர்ந்திருக்கும், ஒரே ஒரு புள்ளியைச் சுற்றி மட்டும் வெறிச்சென்று இருக்கும். ஒரு மூலிகையில் நூறு பொருள்கள் இருக்கலாம். அவற்றில் கிருமியைக் கொல்வது எது என்று பாக்டீரியாவே சுட்டிக்காட்டிவிடுகிறது.

தம்பி எட்டாவது கோட்டை அறிவிக்கிறான். 22 நிமிடம். தகட்டை எடுக்கிறேன். எடுத்த உடனே கரைப்பான் நின்ற இடத்தைப் பென்சிலால் குறிக்க வேண்டும். காய்ந்துவிட்டால் அளவு போயிற்று. ஆயிற்று. சன்னல் பக்கம் காட்டிக் காயவிடுகிறேன்.

இடது பக்கத்தைப் பாருங்கள். நாம் மஞ்சள் என்று ஒரு சொல்லில் சொல்வது மூன்றாக நிற்கிறது. 1953இல் கே. ஆர். சீனிவாசன் என்ற ஆய்வாளர் மஞ்சளின் நிறப்பொருள்களைக் குரோமட்டோகிராபியால் பிரித்துக் காட்டிய அதே மூன்று. உயரத்தில் இருப்பது குர்குமின். அதில் வளையத்துக்கு ஒன்றாக இரண்டு மெத்தாக்சி தொகுதிகள். நடுவில் இருப்பதில் ஒன்று. கீழே இருப்பதில் ஒன்றுமில்லை. ஆர்த்தோ நைட்ரோஃபீனாலை நினைவில் வைத்திருக்கிறீர்களா? மெத்தாக்சி தொகுதி ஹைட்ராக்சிலின் பக்கத்து இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஹைட்ராக்சிலின் கையைத் தன்னோடு பிடித்துவைத்துக்கொள்கிறது. குர்குமினுக்கு இரண்டு கையும் பிடிபட்டிருக்கின்றன, சிலிக்காவுக்குக் கொடுக்கக் கை இல்லை, மேலே போய்விட்டது. நடுவில் நிற்பதற்கு ஒரு கை விடுதலை. கடைசிக்கு இரண்டு கையும். மூன்று படிகளும் அந்தந்த மூலக்கூறின் உடலமைப்பை அப்படியே எழுதிக்காட்டுகின்றன.

வலது பக்கம், மெட்டானில் மஞ்சள் சாயம். சல்போனேட் உப்பு என்பதால் இந்தக் கரைப்பானோடு போக மனமில்லாமல் அடியிலேயே இருக்கிறது. நடுவில் இரண்டும் கலந்த சாறு; மேலே மூன்று, கீழே சாயம். கலவையில் அமிலம் விட்டுச் சோதித்தால் குர்குமினும் சிவக்கும், சாயமும் சிவந்து ஊதாவாகும், குழப்பம் வரும். இங்கே இரண்டும் எட்ட எட்ட நிற்பதால் கீழ்ப்புள்ளியின் மேல் மட்டும் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாம். ஒரே கரைப்பான் எல்லாப் பொருளுக்கும் ஏற்றதாக இருக்காது. மஞ்சளிலும் மிளகாய்த் தூளிலும் வரும் சாயங்களை ஒரே தகட்டில் அளக்க, லக்னோ நச்சியல் ஆய்வாளர்கள் 2008இல் இரண்டு திசைகளில் ஓட்டும் முறையொன்றை வெளியிட்டார்கள்.

இப்போது மண்டபத்தின் விளக்குகளை அணைக்கச் சொல்கிறேன். புற ஊதா விளக்கைத் தகட்டின் மேல் பிடிக்கிறேன். நேராக விளக்கைப் பார்க்காதீர்கள், தகட்டை மட்டும் பாருங்கள். இடது வரிசையில் மூன்றும் ஒளிர்கின்றன. நடு வரிசையில் மேலே மூன்று ஒளிர்கின்றன, அடியில் இருப்பது இருட்டாகவே நிற்கிறது.

மேசையில் ஸ்கேல் இருக்கிறது. பிள்ளைகள் முதலில் வரிசையாக வாருங்கள். அடிக்கோட்டிலிருந்து புள்ளியின் நடுப்பகுதி வரை அளக்க வேண்டும், மேல் விளிம்பு வரை அல்ல. ஒவ்வொருவரும் தனித்தனியாக அளந்து எழுதுங்கள். பக்கத்தில் இருப்பவர் எழுதியதைப் பார்க்க வேண்டாம்.